பயறு ஒன்று; நெய் பல

பயற்றை வேகவைத்து, மத்தால் மசித்து, ஒரு கரண்டி கொழுப்பில் போட்டுப் புரட்டி எடுக்கிற பண்டத்துக்கு எங்கள் ஜில்லாவில் இரண்டு பெயர்கள் உண்டு. முசிறி, தொட்டியம் பக்கம் போனால் 'கடைசல்' என்பார்கள். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்து வீடுகளில், அதுவே 'மசியல்' ஆகிவிடும். பெயர்தான் இரண்டு, சட்டியில் இருப்பது ஒன்றுதான். குடிசையிலும் அதே பயறு, மச்சு வீட்டிலும் அதே பயறு. அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கரண்டியில் இருக்கிறது. அந்தக் கரண்டியில் நெய் இருக்கிறதா, நல்லெண்ணெய் இருக்கிறதா, கடலை எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அந்த வீட்டின் ஜாதகத்தையே சொல்லிவிடலாம். ஒரு வீட்டின் ஜாதகம் மட்டும் அல்ல, ஓர் ஊரின் சரித்திரத்தையும் கொஞ்சம் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

இது நமக்கு மட்டுமே உள்ள சமாசாரமும் அல்ல. உலகத்தின் மறு கோடியில், மெக்ஸிகோ தேசத்தில், நம் காராமணியைப் போன்ற ஒரு வகைப் பயற்றை இப்படியே வேகவைத்து, மசித்து, கொழுப்பில் வதக்கிச் சாப்பிடுகிறார்கள். 'ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிதோஸ்' என்று அதற்குப் பெயர். இங்கிலீஷ்காரர்கள் அதை 'மறுபடி வறுத்த பயறு' என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். உண்மையில் அந்த 'ரெ' என்ற முன்னொட்டுக்கு 'நன்றாக' என்றுதான் அங்கே பொருளாம். பயறு அந்த மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விளைவது. ஆனால் வதக்குகிற கொழுப்பு பன்றிக் கொழுப்பு. அது 1521-ல் அந்நாட்டைப் பிடித்த ஸ்பானியர்கள் கொண்டுவந்தது. அதற்கு முன் அங்கே பன்றியே கிடையாது. ஜயித்தவனின் கொழுப்பும் தோற்றவனின் பயறும் ஒரே சட்டியில் கலந்து, இன்று தேசியப் பண்டமாகிவிட்டன. யார் ஆண்டார்கள், யார் வியாபாரம் செய்தார்கள் என்பதைப் பயறு சொல்லாது, கொழுப்பு சொல்லிவிடும்.

நம் கதைக்கு வருவோம். பச்சைப் பயறும் கொள்ளும் இந்தத் தென்னாட்டு மண்ணிலேயே புதிய கற்கால மனிதர்கள் பயிரிட்டவை என்று அகழ்வாராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். எள்ளும் மிகப் பழையது. ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. தமிழில் 'நெய்' என்றால் முதலில் பொதுவாகக் கொழுப்பு என்றே அர்த்தம். வெண்மையான நெய் வெண்ணெய். எள்ளின் நெய் எண்ணெய். இந்த எள்ளின் நெய் நம் வாழ்க்கையில் எவ்வளவு ஊறிவிட்டது என்றால், பிறகு வந்த திரவங்களுக்கெல்லாம் அதன் பெயரையே ஒட்டவைத்துவிட்டோம். தேங்காய் எண்ணெய் என்கிறோம். அதில் எள் இல்லை. மண்ணெண்ணெய் என்கிறோம், அதில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. எல்லாரும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டுவிட்டதால், அசல் எண்ணெய் தன்னை 'நல்லெண்ணெய்' என்று தனியாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று. சொந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவனின் கதைதான்.

பசுவின் நெய்க்கு இப்படிப்பட்ட சங்கடம் நேரவில்லை. அதற்குக் கோவில் துணை இருந்தது. திருச்சியிலிருந்து 55 கிலோமீட்டரில் இருக்கிற தஞ்சைப் பெரிய கோவில் 1010-ல் பூர்த்தியானது. அதன் சுவர்களில் விளக்குக் கணக்கு எழுதியிருக்கிறது. ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிவதற்கு நாள் ஒன்றுக்கு உழக்கு நெய், அதாவது நாழியில் நாலில் ஒரு பங்கு. அந்த நெய்க்காக 96 ஆடுகள் விடவேண்டும். அல்லது 48 பசுக்கள். அல்லது 16 எருமைகள். இப்படி விடப்பட்ட ஆடுகளைச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிப்பிடும். ஆட்டுக்குச் சாவு உண்டு, மூப்பும் உண்டு. ஆனால் கணக்கில் கிடையாது. ஓர் ஆடு செத்தால் மேய்ப்பவன் அதன் குட்டியைக் கொண்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டிவிட வேண்டும். ஸ்ரீரங்கத்திலும் நந்தா விளக்குத் தர்மங்களைச் சொல்லும் கல்வெட்டுகள் உண்டு. விளக்கின் முன் நின்று கும்பிட்ட இடையன், அன்று இரவு தன் பயற்றுக்கு எதை ஊற்றிக்கொண்டான் என்று மட்டும் எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியிருக்காது.

ஸ்ரீரங்கம் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம் ஆவது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 1311-ல் மாலிக் காபூரும், 1323-ல் உலூக் கானும் படையெடுத்து வந்தார்கள். பெருமாள் ஊர் ஊராக அலைந்து 1371-ல் திரும்பி வந்தார். அந்த அலைச்சலோடு சேர்த்துத்தான் டில்லி சுல்தானின் பெண்ணைப் பற்றிய கதை சொல்லப்படுகிறது. அவள் துலுக்க நாச்சியாராகக் கோவிலிலேயே இடம் பெற்றாள். அவள் பிறந்த வீட்டு ஆகாரம் என்று ரொட்டியும் வெண்ணெயும் வந்து சேர்ந்தன. கதையை நம்புகிறவர்கள் நம்பலாம். எனக்கு அதில் பிடித்தது வேறு. சாப்பாட்டு விஷயத்தில் இவ்வளவு ஆசாரமுள்ள ஊர், வேற்றூர்ப் பெண் ஒருத்திக்காகத் தன் மடைப்பள்ளியில் ஓர் அடுப்பை ஒதுக்கிக் கொடுத்தது அல்லவா? மனிதர்களுக்கு அவ்வளவு சுலபமாக இடம் கிடைப்பதில்லை.

கோவிலுக்கு வெளியே, தெருவில், ஆட்சி செய்தது செக்கு. எள் காவேரிப் பாசனத்தில் நெல் அறுத்த வயலிலேயே விளையும். வாணியர் வீட்டு வாசலில் மாடு சுற்றும், உலக்கை முனகும், பிண்ணாக்கு மாட்டுக்கு, எண்ணெய் மனிதனுக்கு. ராஜாங்கம் இதைச் சும்மா விடுமா? செக்குக்கு வரி விதித்தது. 'செக்கிறை' என்று கல்வெட்டுகளில் அதற்குப் பெயர். 1908-ல் வெள்ளைக்காரச் சர்க்கார் ஒருபடி மேலே போய், கப்பல் ஓட்டிய சிதம்பரம் பிள்ளையைக் கோயமுத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டியது. அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. நம் அடுக்களைச் சாமான்களில் ஞாபகச் சின்னமாக வைக்கப்பட்டது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

எது பழசு, எது புதுசு என்று தெரிந்துகொள்ள மியூசியத்துக்குப் போகவேண்டும் என்பதில்லை. ஸ்ரீரங்கத்தில் யார் வீட்டிலாவது திவசம் நடக்கும் நாளில் அடுக்களையை எட்டிப் பார்த்தால் போதும். மிளகாய் கிடையாது; மிளகுதான். உருளைக்கிழங்கு, தக்காளி கிடையாது. துவரம் பருப்பு கிடையாது, பயத்தம் பருப்பு. கடலை எண்ணெய் கிடையாது, நல்லெண்ணெயும் நெய்யும்தான். செத்துப்போன முன்னோர்கள் எந்தப் பண்டத்தை அறிந்திருந்தார்களோ அதையே போடவேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டு வைத்த மாதிரி இருக்கிறது. கொலம்பஸ் அமெரிக்காவுக்குப் போவதற்கு முன்னால் நம் அடுக்களை எப்படி இருந்ததோ, கிட்டத்தட்ட அப்படியே வருஷத்தில் ஒரு நாள் அது எழுந்து உட்காருகிறது.

கடலை எண்ணெய்க்கு ஏன் அனுமதி இல்லை என்றால், வேர்க்கடலை நம் ஊர்க்காரன் அல்ல. தென் அமெரிக்காவில் பிறந்து, கடல் கடந்து வந்தவன். தென்னாற்காட்டில் அதை 'மணிலாக் கொட்டை' என்பார்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளின் மணிலா நகரத்துப் பெயர் அது. 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் பிரான்ஸ் தேசத்து மார்ஸேல் நகருக்குக் கப்பலேறியது. அங்கே அதை ஆட்டி எண்ணெயும் சோப்பும் செய்தார்கள். நம் புன்செய் நிலத்தில் விளைந்ததை எவனோ தேய்த்துக் குளித்தான். பிறகு இங்கேயே மில்கள் வந்தன. துறையூர்ப் பக்கத்து மானாவாரிக் குடியானவனுக்கு, பணமாக மாறக்கூடிய பயிர் ஒன்று கிடைத்தது. நல்லெண்ணெய் வாங்க முடியாத வீடுகளில் கடலை எண்ணெய் தாளிக்க வந்தது. முதலில் 'சூடு, பித்தம்' என்று அதைப் பழித்தார்கள். இன்று அதையே பாரம்பரியம் என்கிறார்கள். 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்ற பழமொழியைக் கடலை எண்ணெய் விற்பவரும் போர்டில் எழுதி வைத்திருக்கிறார்.

இதற்குள் ஐரோப்பாவில் ஒரு வித்தை நடந்துவிட்டது. எண்ணெயில் நிக்கல் தூளைப் போட்டு, ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால், எண்ணெய் உறைந்து நெய் மாதிரி ஆகிவிடும். இந்த ரசாயனத்துக்கு வழிகாட்டிய பிரெஞ்சுக்காரர் ஸபாத்தியேவுக்கு 1912-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஜெர்மானியர் நார்மன் 1902-லேயே அதற்குப் பேடண்ட் வாங்கிவிட்டார். நம் தேசத்தில் லீவர் கம்பெனி 1931-ல் ஹிந்துஸ்தான் வனஸ்பதி என்ற பெயரில் பதிவு செய்துகொண்டு, மறு வருஷம் பம்பாய் ஸெவ்ரியில் ஆலையை ஓட்டத் தொடங்கியது. 1937-ல் பிறந்தது 'டால்டா'. ஹாலந்திலிருந்து வந்துகொண்டிருந்த 'டாடா' என்ற சரக்கின் பெயருக்கு நடுவே லீவரின் 'ல்' ஏறிக்கொண்டது என்பார்கள். மஞ்சள் டின், பச்சைப் பனைமரம். அந்த மரத்துக்கும் உள்ளே இருந்ததற்கும் அந்நாளில் அவ்வளவு சம்பந்தம் இல்லை. உள்ளே இருந்தது பெரும்பாலும் நம் கடலை எண்ணெய்தான். 1951-ல் அந்தக் கம்பெனி மூன்று வனஸ்பதி ஆலைகளை விலைக்கு வாங்கியது. வங்காளத்து ஷியாம்நகர் ஒன்று, டில்லிக்குப் பக்கத்துக் காஜியாபாத் ஒன்று, மூன்றாவது நம் திருச்சிராப்பள்ளி. மலைக்கோட்டை உச்சியில் கார்த்திகை தீபத்துக்குக் கொப்பரை கொப்பரையாக எண்ணெயும் நெய்யும் ஊற்றுகிற ஊரில், கீழே நெய்யின் வேஷம் தயாரானது.

காந்தியடிகள் வனஸ்பதியை விரும்பவில்லை. 'ஹரிஜன்' பத்திரிகையில் கண்டித்து எழுதினார். 1950-களின் தொடக்கத்தில் அதைத் தடை செய்யவேண்டும் என்ற கூக்குரல் நாடாளுமன்றம் வரைக்கும் போயிற்று. தடை வரவில்லை. ஆனால் சர்க்கார் ஒரு சாமர்த்தியமான காரியம் செய்தது. வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் கலந்தே தீரவேண்டும் என்று சட்டம் போட்டது. எதற்கு? நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்றால் கண்டுபிடிப்பதற்கு. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருக்கிற இடத்தில் ரோஜாச் சிவப்பு நிறம் தோன்றிவிடும். உழக்கு நெய்க்கும் வழியில்லாத ஏழைகளின் எண்ணெய், நெய்யின் கற்பைக் காக்கும் துப்பறியும் சிங்கமாக நியமனம் பெற்றது!

ஆனால் கல்யாண வீட்டில் அமிலமும் கண்ணாடிக் குழாயும் எங்கே இருக்கும்? அங்கே மூக்குதான் கோர்ட்டு. என் சின்னப் பாட்டியின் கல்யாணம் 1953-ல் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் நடந்தது. இரண்டாம் நாள் பந்தியில் லட்டு உருண்டையை முகர்ந்து பார்த்த பிள்ளை வீட்டு மாமா ஒருவர், "இது நெய் இல்லை, டால்டா" என்று சொல்லி இலையிலிருந்து எழுந்துவிட்டார். அவ்வளவுதான், பந்தியே எழுந்துவிட்டது. கொள்ளுத் தாத்தா வெண்ணெய்க்காரனைக் கூட்டிவந்து நிறுத்தினார். அவன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினான். ஒருவாறு சமாதானமாகித் தாலி கட்டிய பெண்ணை அழைத்துப் போனார்கள். ஆனால் வார்த்தை போய்விடுமா? இருபது வருஷம், எந்தச் சின்ன மனஸ்தாபம் வந்தாலும், "உங்க அப்பா டால்டாவிலே கல்யாணம் பண்ணினவர்தானே?" என்று ஒரு கேள்வி அவள் மேல் விழும். சின்னப் பாட்டி பதில் சொல்லமாட்டாள். அந்த வீட்டில் முப்பது பேருக்குச் சமைத்து, எல்லாருக்கும் நெய்க்கிண்ணியிலிருந்து அளந்து அளந்து விட்டு, கடைசியில் தனக்கென்று உட்காரும்போது கிண்ணி வழித்து வைத்திருக்கும். பயற்று மசியலில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பாள். நெய்யின் பெயரால் வசவு வாங்கியவளுக்கு நெய் கிடைத்ததில்லை.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததும், சும்மா எழுதுவானேன், செய்துதான் பார்த்துவிடுவோமே என்று தோன்றிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைக் கிலோ பச்சைப் பயற்றை வெறும் வாணலியில் வாசனை வர வறுத்து, குழைய வேகவைத்து, உப்புப் போட்டு மசித்தேன். ஐந்து பங்காகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் கொழுப்பு. கடுகு, சீரகம், ஒரு மிளகாய் வற்றல். நெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், வனஸ்பதி. எந்தக் கிண்ணத்தில் எது என்று யாருக்கும் சொல்லவில்லை.

நெய் மூக்குக்கு முதலில் வந்தது; ஆறியதும் விளிம்பில் வெள்ளையாக உறைந்தது. நல்லெண்ணெய் பயற்றோடு ஒட்டிக்கொண்டது. லேசான கசப்பு, ஆனால் மறுநாள் காலையிலும் கெடாமல், முதல் நாளைவிட ருசியாக இருந்தது அது ஒன்றுதான். எள்ளில் இயற்கையாகவே உள்ள சில பொருள்கள் எண்ணெயைச் சிக்குப் பிடிக்க விடுவதில்லை என்று ரசாயனக்காரர்கள் சொல்வது சரிதான். கடலை எண்ணெய் தன்னை மறைத்துக்கொண்டு பயற்றை முன்னே விட்டது. தேங்காய் எண்ணெய் மசியலை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய்விட்டது. வனஸ்பதி பளபளவென்று கண்ணைப் பறித்தது. ஆனால் மேலண்ணத்தில் ஒரு மெழுகுப் பூச்சு நின்றுவிட்டது.

தீர்ப்பைக் கேளுங்கள். என் மாமியார் ஒரு வாய் வைத்ததுமே, "இது நல்லெண்ணெய், இதுதான் மசியல்" என்று மற்றக் கிண்ணங்களைத் தள்ளிவிட்டார். என் கணவர் நெய் என்றார். துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் ஒத்தாசை செய்கிற அம்மாள் கடலை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "இதுதாம்மா எங்க ஊரு வாசனை" என்றார். கல்லூரியில் படிக்கிற என் பிள்ளை வனஸ்பதியைத் தொட்டுவிட்டு, "ஹோட்டல் மாதிரி இருக்கும்மா, இதையே பண்ணு" என்றான். அவரவர் நாக்கு அவரவர் வளர்ந்த வீட்டுக்குத்தான் சாட்சி சொல்லிற்று.

பிள்ளையின் கட்சிக்கு நான் ஓட்டுப் போடமாட்டேன். எண்ணெயை அரைகுறையாக உறையவைக்கும்போது அதில் 'டிரான்ஸ்' கொழுப்பு உண்டாகிறது. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதை இறக்குகிறது என்று 1990-ல் ஹாலந்து ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். பெயர் வந்த தேசத்திலிருந்தே தீர்ப்பும் வந்தது. நம் நாட்டில் 2011-ல் வனஸ்பதிக்கு நூற்றுக்கு 10 பங்கு என்று வரம்பு கட்டினார்கள். 2022 ஜனவரி 1-லிருந்து 2 பங்குக்கு மேல் கூடாது என்று ஆயிற்று. அதற்குள் டால்டாவும் கை மாறிவிட்டது. 2003-ல் பங்கி கம்பெனிக்குப் போயிற்று. ஆக, அந்தக் கல்யாண மாமா வனஸ்பதியைப் பற்றிச் சொன்னது சரி என்றுகூட ஒருவர் வாதிக்கலாம். ஆனால் அவர் தேக ஆரோக்கியத்துக்காக எழுந்திருக்கவில்லை, அந்தஸ்துக்காக எழுந்தார். தீபாவளிக்கு ஒரு துண்டு மைசூர்ப்பாகுக்கு நெய் வாங்க முடியாத எத்தனையோ வீடுகளில் அந்த மஞ்சள் டின்தான் பண்டிகையைக் கொண்டுவந்தது. அதையும் சொல்லாவிட்டால் சரித்திரம் பாதிதான்.

இன்று சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. 2007-லிருந்து ரேஷன் கடையில் குறைந்த விலைக்குப் பாமாயில் கொடுக்கிறார்கள். மலேயாவிலிருந்தும் இந்தோனேஷியாவிலிருந்தும் வருகிற எண்ணெய். டின் மேல் சித்திரமாக இருந்த பனைக்குப் பதில், நிஜமான ஒரு பனை வந்துவிட்டது. இன்னொரு பக்கம், பிராந்திக் கடை அலமாரி மாதிரி ஜோடித்த கடைகளில் 'மரச்செக்கு எண்ணெய்' புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஏழையின் எண்ணெய் பணக்காரனுடையதாகிவிட்டது, ரேஷன் பை தூக்குகிறவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டார், "பாமாயிலா? உடம்புக்கு ஆகுமா?" என்று விசாரிக்கிறார்கள். அந்தக் குரலை நான் அடையாளம் கண்டுகொள்கிறேன். 1953-ல் லட்டுவை முகர்ந்து பார்த்த குரல்தான் அது.

சின்னப் பாட்டி கடைசிக் காலத்தில் தெப்பக்குளத்துப் பக்கம் ஓர் ஒற்றை அறையில் இருந்தாள். தாத்தா போய்விட்டார். நெய்யை அளந்து ஊற்ற வேறு யாரும் இல்லை. மாதாமாதம் ரேஷன் கடை வரிசையில் தானே நின்று பாமாயில் பாக்கெட்டும் பருப்பும் வாங்கி வருவாள். ஒரு தடவை நான் போயிருந்தபோது பயற்று மசியல் செய்திருந்தாள். பாமாயிலில் தாளித்ததுதான். "மன்னிச்சுக்கோடீ, நெய் இல்லை" என்று சொல்லவேண்டிய இடத்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாணலியில் இருந்ததைச் சரிபாதியாக இரண்டு தட்டில் போட்டாள். பிறகு எனக்கு எதிரே, எனக்கு முன்னாலேயே, முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.